புதுப்பிப்பு: இன்சோம்னியத்தின் 40 நிமிடப் பாடலைச் சேர்ந்து கேட்டபின்

ஃபின்லாந்தின் டெத் மெட்டல் இசைக்குழுவான இன்சோம்னியம் 2016இல் வெளியிட்ட ‘வின்டர்ஸ் கேட்’ ஆல்பம் ஒரே பாடலாக 40 நிமிடம் நீள்வது ஒரு குறை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதன்பின் பெரம்பூரில் நண்பர் வீட்டு மாடியில் ஐந்து பேர் அமர்ந்து, இடையில் நிறுத்தாமல் அதைக் கேட்டோம்.

காசிமேட்டில் வளர்ந்த அண்ணன் ஒருவர், இவ்வகை இசைக்கே உரிய உறுமல் குரலில் ஒரு சொல்லும் புரியாவிட்டாலும், கிதார்களின் வேகம் தணிந்து பியானோ மெல்லக் கேட்கும் இடத்தில், கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பாத இரவின் கனம் இருக்கிறது என்றார். குளிர்காலம் நெருங்கும் வேளையில் தீவொன்றைத் தேடிக் கடலில் புறப்படும் வைக்கிங்குகளின் கதை அது என்பதை அவரிடம் நாங்கள் அதுவரை சொல்லியிருக்கவில்லை. கானாவில் ஊறிய இன்னொருவருக்கு டிரம்ஸின் வேகம் சலிப்பூட்டியது. அதிலும் நியாயம் உண்டு.

இந்த ஆல்பத்துக்கு ஒலிக்கலவை செய்த டான் ஸ்வானோ, எட்ஜ் ஆஃப் சேனிட்டி குழுவில் இருந்தபோது 1996இலேயே ‘கிரிம்சன்’ என்ற 40 நிமிட ஒற்றைப் பாடலைத் தந்தவர். அதையும் மறுநாள் கேட்டேன். அது இதைவிடக் கரடுமுரடானது.

நீளத்தைக் குறையென்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எண்ணூர் மின்ரயிலில் துண்டு துண்டாகக் கேட்டது என் பிழை. உறுமலின்றி இயல்பான குரலில் பாடும் பகுதிகள் மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை.