ஸோங்கோவைத் ‘தாவளம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கானா நாட்டு ஊர்களில் வடக்கிலிருந்து வந்த வணிகர்கள் குடியேறிய பகுதிக்கு ‘ஸோங்கோ’ என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்த பரிந்துரைகள் ‘வந்தேறிக் குடியிருப்பு’, ‘அயலார் சேரி’. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

மூலச்சொல்லைப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஹவுசா மொழியில் ‘ஸங்கோ’ என்றால் வணிகக் கூட்டம் பொதி இறக்கித் தங்கும் இடம். இன்றைய கானாவில் இருந்த அசாந்தே அரசின் காடுகளில் விளைந்த, மென்று தின்னும் கோலாக்கொட்டையை வாங்க ஹவுசா வணிகர்கள் சலாகா சந்தைக்கு வந்தார்கள். 1874-இல் ஆங்கிலேயரிடம் அசாந்தே தோற்றதும் சலாகாவின் மீது அதற்கிருந்த பிடி தளர்ந்தது. 1896-இல் அசாந்தே தலைநகர் குமாசியும் ஆங்கிலேயர் கைக்குப் போனபின் வடக்கத்தி வணிகர்கள் அங்கேயே குடியேறினார்கள். இரண்டு நாள் தங்க வந்த இடம் பேரன் பேத்தி எடுத்த ஊரானது. ஆக, அந்தப் பெயரில் இருப்பது தொழில்தான். ‘அந்நியன்’ என்ற பொருளே அதில் இல்லை.

நாம் ‘வந்தேறி’ என்று எழுதினால் ஒரு தரப்பின் வசையைக் கலைச்சொல் ஆக்கிவிடுவோம். 1969 நவம்பரில் கானா அரசு, வசிப்பு அனுமதி இல்லாத வெளிநாட்டினர் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டது. ஸோங்கோவிலேயே பிறந்தவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். ‘சேரி’ பழந்தமிழில் வெறும் குடியிருப்புதான், சரி. இன்று அப்படி யார் படிப்பார்கள்?

என் பரிந்துரை ‘தாவளம்’. தங்குமிடம் என்று அகராதியிலேயே இருக்கிறது. பொதிமாட்டு வணிகத்தோடும் ஒட்டிய சொல். சிங்களத்தில் ‘தவலம’ என்றால் பொதிமாட்டுக் கூட்டமே. சேர்த்துப் பார்த்தாலும் நிற்கிறது: ‘சர்கின் ஸோங்கோ’ தாவளத் தலைவர் ஆகிறார். கானாவின் தலைநகர் அக்ராவிலுள்ள ‘சபோன் ஸோங்கோ’ போன்ற இடப்பெயர்களை மட்டும் தொட வேண்டாம். (ஸகரம் வேண்டாம், ‘சொங்கோ’ என்று எழுதுவோம் என்றார் ஒருவர். சென்னையில் அதைச் ‘சொங்கி’ என்றே படிப்பார்கள்!)

ஆனால் வடக்கு நைஜீரியாவின் கானோ நகரிலுள்ள ‘சபோன் கரி’யை இதில் சேர்க்கக்கூடாது. அங்கே திசையே வேறு: தெற்கிலிருந்து ரயில் வேலைக்கும் எழுத்தர் வேலைக்கும் வந்த இக்போ, யொரூபா மக்களைக் காலனி ஆட்சி பழைய நகரின் மதிலுக்கு வெளியே தனியாகக் குடிவைத்தது. பெயருக்குப் பொருள் ‘புது ஊர்’. பொதியிறக்கிய வணிகர் தாமாகத் தங்கிய இடம் இல்லை அது. கோட்டைக்கு வெளியே வளர்ந்த ஊர் என்ற வகையில் ‘பேட்டை’ பொருந்துமா? சந்தை வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதோ என்று எனக்கே தயக்கம். கல்வெட்டுப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.