மறு: கம்மி ஸ்டெம் பிளைட் (gummy stem blight) – தமிழில் என்ன சொல்லலாம்?

> தர்பூசணி, முலாம்பழம், வெள்ளரி எல்லாவற்றுக்கும் வருகிற நோய். "கோந்துத் தண்டு அழுகல்" என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம்.

மூன்று சொல்லிலும் எனக்கு இடறுகிறது.

கோந்து என்றதும் தபால் உறை ஒட்டுகிற குப்பிதான் நினைவுக்கு வரும். செடியிலோ மரத்திலோ தானாகக் கசிந்து இறுகுவது பிசின். வேப்பம்பிசின், முருங்கைப்பிசின் என்று புழங்குகிற சொல் இருக்க வேறு எதற்கு?

அழுகலை 'ராட்'டுக்குக் கொடுத்தாயிற்று. பிளைட் என்றால் கருகல். நெல்லுக்கும் உருளைக்கிழங்குக்கும் இலைக்கருகல் என்றே வேளாண் நூல்களில் நிலைத்துவிட்டது. அதோடு, இதே பூஞ்சை காயில் இறங்கினால் அதற்கு பிளாக் ராட் என்று தனிப்பெயர். அழுகல் அங்கே தேவைப்படும்.

அடுத்தது தண்டு. கீரைக்குத் தண்டு உண்டு, வாழைக்கு உண்டு. தர்பூசணிக்குத் தண்டு என்று எந்த விவசாயியும் சொல்லி நான் கேட்டதில்லை, கொடிதான். போன தை மாதம் திண்டிவனம் பக்கம் மாமா நிலத்துக்குப் போனபோது, "தூருகிட்ட கொடி வெடிச்சி பிசின் வடியுதுடா, வந்து பாரு" என்றார். தூரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கொடி வெளிறி, நீளவாக்கில் வெடித்திருந்தது. வெடிப்பில் கடுகு அளவுக்குச் செம்பழுப்பு மணிகள். காலைப் பனியில் தொட்டால் விரலில் ஒட்டியது. வெயில் ஏறியதும் பாகு போல இறுகிவிட்டது. இலைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கருகியிருந்தன. மாமாவோ தண்ணீர் பற்றவில்லை என்று பாசனத்தைக் கூட்டியிருந்தார். ஈரம்தான் இந்த நோய்க்குத் தீனி!

ஆனால் பிசின் வடிவதை மட்டும் வைத்து இந்த நோய்தான் என்று முடிவுகட்ட முடியாது. ஃபியூசேரியம் என்ற வேறொரு பூஞ்சையால் வரும் வாடலிலும் பிசின் வரும், பூச்சி துளைத்த காயத்திலும் வரும். உறுதிப்படுத்துவது, வெளிறிய இடத்தில் மிளகுத்தூள் தூவினாற்போலத் தெரியும் கறுப்புப் புள்ளிகள். பூசண வித்துகள் உருவாகும் குடுவைகள் அவை. அதனால் பிசினையே விட்டுவிட்டு வெறும் "கொடிக்கருகல்" என்றால் என்ன?

> அண்ணா, கொடிக்கருகல் என்றால் மிளகுக்கொடியும் வெற்றிலைக்கொடியும் வந்து நிற்குமே? பூசணிக் குடும்பத்திலேயே ஃபைட்டாப்தோரா என்ற இன்னொரு நுண்ணுயிரால் வரும் கருகல் வேறு இருக்கிறது. பிசினையும் எடுத்துவிட்டால் எதை வைத்துப் பிரிப்பது?

நியாயம்தான் தம்பி, பிசின் இருக்கட்டும். பூஞ்சையின் பெயரைச் சார்ந்து பெயர் வைக்கவும் வழியில்லை. டிடிமெல்லா பிரையோனியே என்று படித்தோம், பிறகு ஸ்டாகனோஸ்போராப்சிஸ் என்றார்கள். 2015இல் அதையும் மூன்று சிற்றினங்களாகப் பிரித்தாயிற்று. அதில் ஒன்று பப்பாளியையும் பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியை வைப்பதே மேல்.

ஆனால் "பிசின் கொடிக்கருகல்" வேண்டாம். பிசின்கொடி என்று ஏதோ மூலிகை இருப்பது போல் ஒலிக்கிறது. திருப்பிப் போட்டு "கொடிப்பிசின் கருகல்" என்கிறேன். கறுப்புப் புள்ளியை விளக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடலாம்.

காயில் வருவதற்கு "காய்க் கறுப்பழுகல்". வெறும் கறுப்பழுகல் என்றால் முட்டைக்கோசில் பாக்டீரியாவால் வருவதோடு குழம்பும். கருப்பா கறுப்பா என்று தயவுசெய்து யாரும் இங்கே தொடங்கிவிடாதீர்கள். போன முறை அது எங்கெங்கோ போய்விட்டது.

மேலே குடுவை என்று எழுதிவிட்டேனே தவிர, அது பைக்னீடியத்துக்கா (பாலிலா வித்துகள் உருவாகும் குடுவை), சூடோதீசியத்துக்கா (பால்வழி வித்துகள் உருவாகும் குடுவை)? இந்தப் பூஞ்சையில் இரண்டும் உண்டு, இரண்டும் கறுப்புப் புள்ளிகள்தான். ஒரே சொல் போதாது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.