அம்மை சொல்லாமல் விட்ட வரி

வீட்டில் ஒருவரை இழந்த பிறகு விசுவாசம் என்ன ஆனது என்று இந்தக் கிறிஸ்தவக் குழுவில் எல்லோரும் எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் எனக்கும் எழுதத் தைரியம் வந்தது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், தூத்தூர் பக்கம். ஆண்கள் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள். போட் ஏறினால் வாரக்கணக்கில் கடலில்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது என் அண்ணன் வெளிக்கடலில் இருந்தார். கரையில் இருந்தவர்களுக்குப் புயல் என்று தெரிந்தபோது, திரும்பி வர நினைத்தாலும் வந்துசேர முடியாத தூரம்.

கோயில் முற்றத்தில் மேசை போட்டுப் பட்டியல் எழுதினார்கள். போட்டின் பேர், ஆளின் பேர், போன நாள். லட்சத்தீவில் ஒரு போட் ஒதுங்கியிருக்கிறது, குஜராத் பக்கம் ஒன்று நிற்கிறது என்று போன் வரும்போதெல்லாம் பட்டியலில் சில பேர்களைக் கோடு போட்டு அடிப்பார்கள். அடிபட்ட பேர்க்காரர்களின் வீட்டுப் பெண்கள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுவார்கள். சந்தோஷத்தில் அழுகிறவர்களைப் பார்த்து எரிச்சல்பட்டது அப்போதுதான். அதற்காகப் பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் பேர் அடிபடாமலே நின்றது.

கேரளத்தில் அடையாளம் தெரியாத உடல்கள் இருப்பதாகச் சொல்லி, டிஎன்ஏ சோதனைக்கு எங்கள் அம்மையிடம் ரத்தம் எடுத்தார்கள். எதுவும் ஒத்துப்போகவில்லை. காணாமல் போனவர்களுக்கு ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி இறப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள், 20 லட்சம் ரூபாயும் வந்தது. அம்மை அந்தச் சான்றிதழைக் கையால்கூடத் தொடவில்லை. மதினிதான் வாங்கிப் பரணில் வைத்தாள்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நிறையப் பேர். "ஆண்டவர் சித்தம்" என்று ஒருவர் சொன்னதும் அம்மை எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்த வார்த்தையை அந்த வீட்டில் அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாது.

எங்களைத் தாங்கியது அன்பியத்துப் பெண்கள், பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற குழு அது. தினமும் ஏழு மணிக்கு வருவார்கள், பாய் விரிப்பார்கள், செபமாலை சொல்வார்கள், கட்டன்சாயா குடித்துவிட்டுப் போவார்கள். யாரும் எதுவும் விளக்கவில்லை. செபமாலையில் 53 தடவை "அருள் நிறைந்த மரியே" என்ற செபம் வரும். அம்மை எல்லாம் சொல்வாள். ஒவ்வொன்றின் கடைசியிலும் "எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடம் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். ஒரு நாளைக்கு 53 தடவை அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதைச் சொல்லிவிட்டால் அண்ணன் செத்துப்போனதாக ஒத்துக்கொண்ட மாதிரி. மற்றவர்களுக்கும் தெரியும். அந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லி, அவள் விட்டதை நிரப்பிவிடுவார்கள்.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு நாள், கண்ணை மூடியபடியே அதைச் சொன்னாள். சத்தமே இல்லை, உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் மணியை நகர்த்தி அடுத்ததைத் தொடங்கிவிட்டாள். அன்றைக்கு ராத்திரிதான் முதல்முறையாக ஒரு முழுத் தட்டு சோறு சாப்பிட்டாள்.

என் விஷயம் வேறு. எனக்குக் கோபம். படகில் தலையணை வைத்துத் தூங்கிய இயேசுவைச் சீடர்கள் எழுப்பி, நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று கேட்பார்கள், மாற்கு நான்காம் அதிகாரத்தில். சின்ன வயதிலிருந்தே கேட்ட கதை. புயலுக்குப் பிறகு அந்தக் கேள்வியைத் தாண்டி அடுத்த வரிக்கு என்னால் போக முடியவில்லை, அங்கே கடல் அடங்கிவிடுகிறதே. எங்களுக்கு அடங்கவில்லை. பங்குச்சாமியாரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "நானும் இப்ப அந்த வரியிலதான் நிக்கிறேன்" என்றார். கேட்கக் கூடாத கேள்வி இல்லை, பைபிளிலேயே எழுதி வைத்திருக்கிற கேள்வி என்று தெரிந்தபோது மூச்சு கொஞ்சம் இறங்கியது.

இன்னொன்று. பைபிளின் கடைசிப் புத்தகமான திருவெளிப்பாட்டில் புதிய விண்ணகம், புதிய மண்ணகம் வரும்போது கடல் இல்லாமல் போயிற்று என்று வரும். எங்கள் பாட்டி அதைக் கேட்டுவிட்டு, "கடல் இல்லன்னா அவன் அங்க என்ன செய்வான்?" என்றாள். வீட்டில் அத்தனை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தோம்.

இப்போதும் தீராத ஒன்று, நவம்பர் 2. கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் பூவும் மெழுகுதிரியுமாகக் கல்லறைக்குப் போவார்கள். எங்களுக்குப் போக ஒரு கல்லறை இல்லை.

*

தங்கச்சி, நான் குளச்சல் பக்கம். எங்களுக்குக் கல்லறை இருக்கிறது, ஆனால் அதில் எந்த இடம் என்று தெரியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. எல்லார் வீட்டிலும் கிறிஸ்துமஸ் குடில் அப்படியே இருந்தது. என் மகளுக்கு ஆறு வயது. இயந்திரத்தால் குழி வெட்டி, எல்லோரையும் சேர்த்து அடக்கம் செய்தார்கள். வேறு வழி இல்லை, ஒருவரையும் குறை சொல்லமாட்டேன்.

மூன்று வருஷம் பூசைக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டவில்லை. முதல் தடவை கல்லறைத் திருநாளுக்குப் போனபோது எங்கே மெழுகுதிரி வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பக்கத்தில் ஒரு கிழவி, அவளுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள் போயிருந்தார்கள், அந்தக் குழியின் நீளம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் இடம் விட்டுத் திரி வைத்துக்கொண்டே போனாள். "எங்க வச்சாலும் ஒருத்தர் பிள்ளைக்கு வெளிச்சம்தான் மக்கா" என்றாள். நானும் அவளுக்குப் பின்னால் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கு அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனேன். கடைசி வரிசைதான், இன்றைக்கும் கடைசி வரிசைதான்.

*

நான் சிஎஸ்ஐ, தென்னிந்தியத் திருச்சபை. கணவர் சாலை விபத்தில் போய் நான்கு வருஷம். உங்கள் இருவருக்கும் கிடைத்த ஆறுதல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, அதையும் இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன். கர்த்தர் தமக்குப் பிரியமானவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்று ஒரு அம்மா சொன்னதிலிருந்து சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வேதாகமத்தில் 88ஆம் சங்கீதம் மட்டும் படிக்கிறேன். மற்ற புலம்பல் சங்கீதங்களில் எங்கேயாவது துதி வந்துவிடும். இதில் வராது, இருளிலேயே முடியும். அதை எடுத்துவிடாமல் வேதாகமத்தில் விட்டுவைத்திருக்கிறார்களே என்பதற்காகத்தான் நான் இன்னும் வேதாகமத்தைத் திறக்கிறேன்.

*

முதலில் எழுதிய நான்தான். குளச்சல் அண்ணன் எழுதியதை அம்மைக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். சிஎஸ்ஐ அக்கா எழுதியதற்கு, "அந்தப் பிள்ளையை ஒண்ணும் சொல்லாத, சாயா குடிக்க வரச் சொல்லு" என்றாள்.

இந்த நவம்பர் 2க்குக் கடற்கரையிலேயே திரி கொளுத்தப் போகிறோம். எங்கள் தெருவில் மட்டும் எங்களைப் போல நான்கு வீடு. சாயங்காலம் காற்று பலமாக இருக்கும், வெறும் மணலில் திரி நிற்காது. அம்மை இப்போதே தேங்காய்ச் சிரட்டை சேர்க்கத் தொடங்கிவிட்டாள்.