செத்த மாட்டைச் சுற்றிப் பிணந்தின்னிக் கழுகுகள்: என்ன செய்வது?

கேள்வி (தோட்டத்துக்காரர், மசினகுடி பக்கம்):
கிழட்டுப் பசு ஒன்று வேலியோரம் செத்துக் கிடக்கிறது. சாவதற்கு முந்தின நாள் வரை வலி ஊசி போட்டிருந்தோம். காலையிலிருந்து பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கித் தின்கின்றன. கோழியையும் ஆட்டுக்குட்டியையும் தூக்கிவிடுமா? ஒரு கழுகு மட்டும் கிட்டப் போனாலும் பறக்காமல் தரையிலேயே இருக்கிறது. விரட்டணுமா, விடணுமா?

பதில் 1 (பறவை பார்ப்பவர்):
கோழிக்குப் பயப்பட வேண்டாம். இவை பாறுகள். கழுகு, பருந்தைப் போல இரையைக் கவ்விப் பிடிக்கும் கால் இவற்றுக்குக் கிடையாது, நகம் மழுங்கியிருக்கும். கழுத்தடியில் வெள்ளைப் பிசிர் வளையமும், பறக்கும்போது கீழ்முதுகில் வெள்ளையும் தெரிந்தால் வெண்முதுகுப் பாறு. தலை சிவப்பாக, ஒன்றிரண்டாக வந்தால் செந்தலைப் பாறு. மோயாற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. வருடத்துக்கு ஒரே முட்டைதான், அதனால் ஒன்று செத்தாலும் ஈடுகட்டப் பல வருடம் ஆகும்.

பதில் 2 (கால்நடை மருத்துவர்):
முதலில் சடலத்தைத் தார்ப்பாயால் மூடி ஓரங்களில் கல் வையுங்கள். மருந்துச் சீட்டை அப்புறம் தேடலாம். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு இரண்டு மூன்று நாளுக்குள் செத்தால், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் ஈரல், இதயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோலப் படியும். ஒரே சடலத்தில் கூட்டமாகத் தின்பதால் சாவும் கூட்டமாகவே வரும்.

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் 2006லேயே தடை. அதேபோன்ற வலி மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் 2023இல் தடையாயின, நிமிசுலைடு அதற்குப் பிறகு. ஆனாலும் மனிதருக்கான டைக்ளோஃபினாக் ஊசியை மாட்டுக்குப் போடுவது நின்றபாடில்லை. பெரிய குப்பியில் வந்ததால்தான் 2015இல் அதை 3 மில்லிக்குள் அடக்கினார்கள். பத்துக் குப்பி வாங்கிக் கலந்து போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். பாறுகளுக்குப் பாதுகாப்பானவை மெலாக்சிகாம், டோல்ஃபெனாமிக் அமிலம். மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், 300 கிலோ மாட்டுக்கு 150 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள மருந்தானால் 30 மில்லி.

என்ன ஊசி என்று உறுதியாகத் தெரியாவிட்டால் புதைத்துவிடுங்கள். 6 அடி ஆழம், கிணறு ஓடையிலிருந்து 100 அடிக்கு மேல் தள்ளி. ஆழம் குறைந்தால் பன்றியும் நாயும் தோண்டிவிடும். மூக்கு, ஆசனவாயில் உறையாத ரத்தம் வடிந்திருந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுக்கவோ இழுக்கவோ கூடாது. தார்ப்பாயைப் போட்டுவிட்டு உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

பதில் 3 (வனப் பணியில் இருப்பவர்):
தரையில் இருக்கும் பறவையைத் தள்ளி நின்று கவனியுங்கள். தொண்டைக்குக் கீழே பை புடைத்து, தலை நிமிர்ந்திருந்தால் வயிறு நிறைய தின்றிருக்கிறது. ஓடி எழும்ப அதற்கு வெட்டவெளி வேண்டும். நாயைக் கட்டி வைத்தால் தானே போகும். விரட்டினால் தின்றதைக் கக்கும். பை காலியாக, கழுத்து தொங்கி, தூங்குவதுபோல மணிக்கணக்கில் இருந்தால் நோய். வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை துணி போர்த்தி, காற்றோட்டமுள்ள பெட்டியில் இருட்டில் வைக்கலாம். கையுறை, நீளக்கை சட்டை அவசியம், அலகு கிழித்துவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

தின்றதும் குளிக்க வரும் என்பதால், திறந்த தொட்டி இருந்தால் ஏறி வரச் சாய்வாக ஒரு பலகை போட்டு வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. தார்ப்பாய் போட்டாச்சு. சீட்டில் மெலாக்சிகாம் மட்டும்தான் எழுதியிருக்கு, வேறு ஊசி போடவில்லை. தரையில் இருந்ததற்குப் பை புடைத்துத்தான் இருக்கிறது.

பதில் 2 (கால்நடை மருத்துவர்):
அப்படியானால் ரத்தக் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு மூடியை எடுத்துவிடலாம். மின்கம்பி, சாலை, ஓடை மூன்றிலிருந்தும் விலகின வெட்டவெளிக்கு இழுத்துப் போடுங்கள். உங்கள் நிலத்துக்குள்ளேயே இருக்கட்டும், காப்புக்காட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். தோலை மட்டும் உரித்துவிட்டால் இன்னும் சீக்கிரம் தின்று தீர்க்கும்.