34 வயதில் ஆராத்தித் தட்டு

பரந்தன்_பிள்ளை:
நேற்றுக் கிளிநொச்சியில் ஒரு கலியாண வீடு. ஆராத்தி எடுக்க ஆள் காணாதென்று தட்டைத் தூக்கினேன். பெரியம்மா முறையான ஒருவர் வந்து, வாழைப்பழத் துண்டில் எரிந்த திரி அணையாமல் பக்குவமாக வாங்கி, என்னைவிட ஏழு வயது குறைந்த பிள்ளையிடம் கொடுத்தார். அவள் போன வருடம் கட்டியவள். அப்புறம் பந்தியில் அதே பெரியம்மா, "சாதகக் குறிப்பை ஒருக்கால் தா பிள்ளை, பார்ப்பம்" என்கிறார். எனக்கு 34, இன்னும் கட்டவில்லை. இதுவா அக்கறை?

குளக்கட்டு:
அக்கறைதான் பிள்ளை. எனக்கும் 31 வயதில் மகள் இருக்கிறாள். அக்காவின் மூத்த மகளுக்கு 38. தாய் தகப்பன் போன பிறகு தங்கச்சி வீட்டுக் குசினியிலேயே கிடக்கிறாள். அதைக் கண்டும் கேட்காமல் இருக்கச் சொல்கிறீரோ?

லண்டன்_முறிகண்டி:
வந்த சம்பந்தத்தையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டு ஊரைக் குறை சொல்வது. அரச உத்தியோகம், இல்லாவிட்டால் வெளிநாடு. தோட்டம் செய்கிறவன் கண்ணில் படுவதேயில்லை.

பரந்தன்_பிள்ளை:
2009 மே மாதம் எனக்கு 18. என் வகுப்புப் பொடியன்களில் எத்தனை பேர் முள்ளிவாய்க்காலைத் தாண்டினார்கள்? தாண்டியவர்களில் உங்களைப் போல விமானம் ஏறியவர்களையும் கழியுங்கள். அதற்கு முன், புலிகள் இயக்கம் பிடித்துப் போய்விடும் என்று 16, 17 வயதில் அவசரமாகக் கட்டிக்கொடுத்த என் சிநேகிதிகள் சிலர் இன்று பிள்ளைகளோடு தனியே நிற்கிறார்கள். அவர்களிடம் யாரும் குறிப்புக் கேட்பதில்லை.

குளக்கட்டு ஐயா, உங்கள் மருமகள் ஏன் தங்கச்சி வீட்டில்? தாயின் வீடு எங்கே?

குளக்கட்டு:
அதுதான் தாயின் வீடு. தங்கச்சிக்குச் சீதனமாக எழுதியது.

பரந்தன்_பிள்ளை:
அப்ப, அவளைக் குசினியில் விட்டது கலியாணம் ஆகாததா, காணி உறுதி எழுதிய கையா?

பண்டாரிக்குளம்:
ஒரு சட்ட விஷயம். தேசவழமைக்கு, அதாவது வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட பெண், கட்டுவதற்கு முன் தன் பெயரிலுள்ள காணியைத் தன் கையெழுத்திலேயே விற்கலாம். கட்டிய பிறகு கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது. தனியே இருப்பவளுக்குத்தான் அதிகாரம் கூட, வேடிக்கைதான். ஆனால் முதலில் அவள் பெயரில் காணி வர வேண்டுமே.

குளக்கட்டு:
எங்களுடையது பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்தது. நினைத்தபடி எழுத முடியாது.

பண்டாரிக்குளம்:
நினைத்தபடி விற்க முடியாது, சரி. பின்னுரித்தாளர், அதாவது உங்களுக்குப் பிறகு காணி யாருக்கென்று, பெயர் கொடுக்கலாம். மகளென்றாலும் கொடுக்கலாம். பிரதேச செயலகத்தில் காணிப் பகுதியில் கேட்டுப் பாருங்கள்.

பரந்தன்_பிள்ளை:
ஐயா, யார் பெயர் கொடுத்திருக்கிறீர்கள்?

குளக்கட்டு:
மகனுடைய பெயர். மகளுக்குக் கலியாணம் சரிவரட்டும் என்று இருந்தேன்.