தைராய்டு கட்டி சாதாரணமானதா, புற்றுநோயா: இரத்தப் பரிசோதனை சொல்லுமா?

கேள்வி:
வணக்கம். என் அம்மாவுக்கு வயது 54. கழுத்தில் சிறிய புடைப்பு தெரிந்ததால் ஸ்கேன் எடுத்தோம். தைராய்டின் வலப்புறத்தில் 18 மில்லிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருப்பதாக அறிக்கை வந்துள்ளது. தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனைகளான டி.எஸ்.எச்., டி3, டி4 மூன்றும் இயல்பான அளவிலேயே இருக்கின்றன. இருந்தும் ஊசி செலுத்தி செல்களை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். அம்மாவுக்கோ ஊசி என்றாலே பயம். இரத்தத்தை வைத்தே இதைக் கண்டுபிடிக்க முடியாதா? தைரோகுளோபுலின் என்றொரு பரிசோதனை இருக்கிறதாமே?

பதில் 1:
உங்கள் கவலை புரிகிறது. ஆனால் டி.எஸ்.எச். இயல்பாக இருப்பதை வைத்துப் புற்றுநோய் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அது சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் அளவுகோல். தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இயல்பாகவே இருக்கும். டி.எஸ்.எச். குறைந்திருந்தால் மட்டும் அது வேறு வகையில் உதவும்: அப்போது ஐசோடோப் ஸ்கேன் (சிறிதளவு கதிரியக்கப் பொருள் கொடுத்து எடுக்கும் படம்) எடுத்து, கட்டியே ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது என்று தெரிந்தால், அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு.

தைரோகுளோபுலின் என்ற புரதத்தை நல்ல தைராய்டு செல்களும் சுரக்கின்றன, புற்றுச் செல்களும் சுரக்கின்றன. சாதாரண வீக்கத்திலும் அழற்சியிலும்கூட அது உயரும் என்பதால், கட்டியின் தன்மையை அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதுமாக அகற்றிய பிறகு, நோய் திரும்புகிறதா என்று கண்காணிப்பதற்குத்தான் அது பயன்படுகிறது.

பதில் 2:
மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மெடுல்லரி என்ற அரிய வகைப் புற்றுநோய், தைராய்டுக்குள் கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் சி செல்களில் தோன்றுகிறது. அதனால் இரத்தத்தில் கால்சிடோனின் 100 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் (ஒரு மில்லிலிட்டருக்கு) அந்த நோயைப் பலமாகச் சந்தேகிக்கலாம். சிறிய உயர்வு என்றால் பதற வேண்டாம்; சிறுநீரகக் கோளாறாலும், நாள்பட எடுக்கும் சில அசிடிட்டி மாத்திரைகளாலும் அது ஏறும். குடும்பத்தில் யாருக்காவது இந்த வகை இருந்ததுண்டா என்பதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். புற்றுக்கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளை இரத்தத்தில் தேடும் ஆய்வுகளும் நடக்கின்றன என்றாலும், அவை இன்னும் ஊசிப் பரிசோதனையின் இடத்தைப் பிடிக்கவில்லை.

பதில் 3:
நான் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டவள் என்பதால் அம்மாவுக்காக எழுதுகிறேன். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைச் சற்றுப் பின்னால் சாய்க்கச் சொன்னார்கள். ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே, இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியைச் செலுத்தினார்கள்; அந்தச் சில நொடிகள் எச்சில் விழுங்காமல் இருப்பதுதான் சிரமமாக இருந்தது. முடிவைப் பெதஸ்டா என்ற வகைப்படுத்தும் முறைப்படி ஆறு வகைகளில் ஒன்றாகத் தருவார்கள். இரண்டாம் வகை சாதாரணக் கட்டி, ஆறாம் வகை புற்றுநோய். எனக்கு மூன்றாம் வகை, அதாவது தெளிவில்லை என்று வந்ததால், சில மாதம் கழித்து மறுபடியும் செய்தார்கள். அப்போது இரண்டாம் வகை என்று உறுதியானது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தபோது, கட்டிக்குள் நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் இருப்பதாக ஒரு வரி கண்ணில் பட்டது.

பதில் 1:
மருத்துவர் ஊசிப் பரிசோதனையை வலியுறுத்தியதற்கு அந்த வரிதான் காரணமாக இருக்கும். கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணமானவையே. ஆனாலும் புற்றுநோய்ச் சந்தேகத்தைக் கூட்டும் இந்த அறிகுறி ஸ்கேனில் தெரியும்போது தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள்.