டெர்மினல் (கட்டளை அடிக்கும் திரை) முன்னால் நீங்கள் திருதிருவென்று முழித்த நாள் எது?

நானே ஆரம்பித்து வைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். லேப்டாப்பில் டெவலப்மெண்ட் சர்வரை ஓடவிடுவேன், வேலை முடிந்ததும் கண்ட்ரோல்-இசட் அழுத்தி நிறுத்துவேன். யாரும் சொல்லித் தரவில்லை, கையே கண்டுபிடித்துக்கொண்ட வழி. அழுத்தியதும் திரையில் ‘ஸ்டாப்ட்’ என்று வேறு வரும். நின்றுவிட்டது என்றுதானே நினைப்போம்?

மறுபடி ஓடவிட்டால் ‘3000 போர்ட்டை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள், 3001-இல் ஓட்டவா?’ என்று கேட்கும். போர்ட் என்பது சர்வர் காத்திருக்கும் கதவு எண். சரி என்பேன். சாயங்காலத்துக்குள் 3007 வரை வந்துவிட்டேன். எரிச்சலாக இருந்தாலும் வேலை ஓடியது. சிக்கியது லாகின் பக்கத்தில்தான். பின்பக்க சர்வர் 3000-இலிருந்து வரும் கோரிக்கையை மட்டும்தான் அனுமதிக்கும், 3007-ஐ அதற்குத் தெரியாது. என் கோடில்தான் தப்பு என்று ஒன்றரை நாள் லாகின் பகுதியைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வேடிக்கை: பிரவுசரில் 3000-ஐத் திறந்தால் ‘இணைக்க முடியவில்லை’ என்று வராது. சுற்றிக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாத வீடு என்றால் பூட்டு தொங்கும். இது கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஆளும் இருக்கிறார், ஆனால் மயக்கத்தில் இருக்கிறார் என்கிற நிலை.

டீமில் இருந்த அக்கா ஒருவர் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தப் போர்ட்டைப் பிடித்திருப்பது யார் என்று பார்க்க ‘எல்எஸ்ஓஎஃப் -ஐ :3000’ என்று அடிக்கச் சொன்னார். ஒரு நோட் புரோசஸ், அதாவது ஓடவிட்ட என் சர்வர் நிரல், பக்கத்தில் ‘லிசன்’. நான் உடனே ‘கில்’ என்று எழுதி அந்த எண்ணைக் கொடுத்தேன். சாகவில்லை. “அவசரப்படாதே, முதலில் பி.எஸ். போட்டுப் பார்” என்றார். நிலை காட்டும் பத்தியில், நிறுத்திவைக்கப்பட்டது என்பதற்கான ‘டி’, ‘டி’, ‘டி’ என்று எட்டு வரிகள். எட்டும் என் சர்வர்கள்.

கண்ட்ரோல்-சி போ என்கிறது, கண்ட்ரோல்-இசட் இரு என்கிறது. இருக்கச் சொன்ன புரோசஸ் சிபியுவைத் தொடாது. அதனால் லேப்டாப் விசிறிச் சத்தம்கூட எனக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் நினைவகத்தையும் போர்ட்டையும் விடாது. சாதாரண கில் அனுப்புவது 15-ஆம் எண் சிக்னல். உறைந்து நிற்கும் புரோசஸ் மறுபடி எழுந்தால்தான் அதைக் கவனிக்கும். 9-ஆம் எண் மட்டும் யாரையும் கேட்காது. “9 போட்டால் போகும்தான். ஆனால் எஃப்ஜி போட்டு எழுப்பி, கண்ட்ரோல்-சி கொடுத்து மரியாதையாக அனுப்பு” என்றார் அக்கா. எட்டையும் ஒவ்வொன்றாக எழுப்பி அனுப்பினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் மேல் இன்னும் மரியாதை.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். பாடம் எல்லாம் வேண்டாம், என்ன நடந்தது என்று மட்டும்.

* * *

என் கதை உங்களுடையதற்குத் தம்பி முறை. கண்ட்ரோல்-எஸ்.

எடிட்டரில் சேமித்துச் சேமித்துப் பழகிய கை டெர்மினலிலும் அதை அழுத்திவிடும். உடனே திரை அப்படியே நிற்கும். எதை அடித்தாலும் எழுத்து வராது. ஹேங் ஆகிவிட்டது என்று ஜன்னலை மூடிப் புதிதாகத் திறப்பேன். இப்படி ஒன்றல்ல இரண்டல்ல, ஒரு வருடம். அது டெலிடைப் காலத்து வழக்கம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. எதிர்முனை வேகமாக அனுப்பினால், ‘கொஞ்சம் பொறு’ என்பதற்குக் கண்ட்ரோல்-எஸ், ‘இனி அனுப்பு’ என்பதற்குக் கண்ட்ரோல்-க்யூ. நான் ஜன்னலை மூடிய ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு க்யூ போதுமாக இருந்திருக்கிறது. இப்போது ஷெல்லின் (அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) அமைப்புக் கோப்பில் ‘எஸ்டிடிஒய் -ஐஎக்ஸ்ஆன்’ என்று ஒரு வரி போட்டு அந்த வழக்கத்தையே அணைத்துவிட்டேன்.

* * *

சிரிக்கிற கதை இல்லை என்னுடையது.

பழைய பில்ட் கோப்புகளைத் துடைக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். உள்ளே ஒரே வரிதான் முக்கியம்: கேள்வி கேட்காமல் அழிக்கும் ஆர்எம் -ஆர்எஃப், அதற்குப் பிறகு ஒரு வேரியபிள், அதற்குப் பிறகு சாய்கோடு, நட்சத்திரம். வேரியபிளில் பில்ட் ஃபோல்டரின் பெயர் இருக்கும். ஒருநாள் வேரியபிளின் பெயரை ஓரிடத்தில் மாற்றினேன், இன்னோரிடத்தில் மறந்தேன். இல்லாத வேரியபிளை ஷெல் வெற்று என்று எடுத்துக்கொள்ளும், மூச்சு விடாது. மிச்சம் இருந்தது சாய்கோடும் நட்சத்திரமும். அதாவது, எல்லாம்.

“ரூட்டை, அதாவது எல்லா ஃபோல்டருக்கும் தலையான சாய்கோட்டை, அழிக்க விடாமல் ஆர்எம்மே தடுக்குமே” என்று கேட்பீர்கள். குனூ ஆர்எம் தடுப்பது வெறும் சாய்கோட்டை மட்டும். நட்சத்திரம் இருந்தால் ஷெல்லே முதலில் அதை விரித்து, ‘பின்’, ‘ஈடிசி’, ‘ஹோம்’ என்று தனித்தனி ஃபோல்டர் பெயர்களாகக் கொடுத்துவிடும். ஆர்எம்முக்கு ரூட் என்ற பேச்சே காதில் விழாது.

நல்ல வேளை, கண்டெய்னருக்குள் (லேப்டாப்புக்குள்ளேயே தனியாக அடைத்துவைத்த சூழல்) ஓட்டினேன் என்று நெஞ்சில் கைவைத்து ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தேன். கண்டெய்னர் போனால் இன்னொன்று எழுப்பலாம். அப்புறம்தான் உறைத்தது: என் லேப்டாப்பின் புராஜெக்ட் ஃபோல்டரை அந்தக் கண்டெய்னருக்குள் மவுண்ட் செய்திருந்தேன், உள்ளே அழித்தால் வெளியேயும் அழியும். வெளியே வந்து, கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ் அடித்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த வரியில் பிராம்ப்ட் மட்டும் நின்று கண் சிமிட்டியது. அந்த வெறுமையை இன்னும் மறக்கவில்லை.

காலையில் வெளிச் சர்வருக்குப் புஷ் செய்த கோடு திரும்பிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் எழுதியது போனது போனதுதான். இப்போது என் ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் மேலே ‘செட் -யு’ இருக்கும். இல்லாத வேரியபிளைத் தொட்டால் அங்கேயே நின்றுவிடும். அழிக்கிற வரியை எழுதும்போது ஆர்எம் இருக்க வேண்டிய இடத்தில் முதலில் எக்கோ போட்டு ஓட்டுகிறேன். என்னென்ன பெயர்கள் வருகின்றன என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எக்கோவை எடுப்பேன்.

* * *

மேலே சொன்னவருக்கு ஆறுதலாக ஒன்று. போனது என்று நினைத்தது திரும்பி வந்த கதை.

இரண்டு நாள் வேலை. கோடின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் கமிட் (பதிவு) செய்யவில்லை, ஆனால் அதற்கு முந்தைய படியான ‘கிட் ஆட்’ வரை வந்திருந்தேன். பிராஞ்சைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ‘கிட் ரீசெட் --ஹார்ட்’ அடித்தேன், கமிட் செய்யாத மாற்றங்கள் எல்லாம் போயின. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “ரீஃப்ளாக் பார் தம்பி, அதில் இருக்கும்.” பார்த்தேன், இல்லை. ரீஃப்ளாக் என்பது ஹெட், அதாவது நாம் இப்போது நிற்கும் கமிட், எங்கெங்கே போய்வந்தது என்கிற பயணக் குறிப்பு. கமிட் ஆனது என்றால் அதில் மாட்டும். எந்த பிராஞ்சிலிருந்தும் எட்ட முடியாத கமிட் என்றாலும் வழக்கமான அமைப்பில் 30 நாள் வரை குறிப்பு இருக்கும், எட்டக்கூடியதற்கு 90 நாள். கமிட்டே ஆகாததை அது எங்கே எழுதி வைக்கும்?

என்னைக் காப்பாற்றியது ‘ஆட்’. ஆட் செய்த அந்தக் கணமே கிட் கோப்பின் உள்ளடக்கத்தைத் தன் கிடங்கில் ஒரு பொருளாகப் போட்டுவிடுகிறது. ரீசெட் செய்தால் அதைக் காட்டும் சுட்டி போகிறதே தவிர, பொருள் அங்கேயே அனாதையாகக் கிடக்கிறது. ‘கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’ என்று அடித்தால் அந்த அனாதைகளை எல்லாம் பொறுக்கி ஒரு ஃபோல்டரில் கொண்டுவந்து போடும்.

போட்டது. 60-க்கு மேல் கோப்புகள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, நாற்பது எழுத்து ஹாஷ்தான் பெயர். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் எழுதிய ஃபங்ஷன்களில் ஒன்றின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது. ரிவியூவில் இரண்டு தடவை திட்டு வாங்கியும் திருத்தாத பிழை. அந்தத் தப்பான பெயரைக் க்ரெப்பில் கொடுத்துத் தேடினேன். ஐந்து கோப்புகள் மாட்டின. திட்டியவரிடம் சொன்னேன், அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரே எச்சரிக்கை: இது உடனே செய்ய வேண்டிய வேலை. கிட் அவ்வப்போது குப்பை கூட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பழைய அனாதைகளை அப்போது தள்ளிவிடும். ஆட்கூடச் செய்யாதது என்றால் கிட்டிடம் ஒன்றுமே இல்லை. எடிட்டர் தன் பங்குக்கு ஏதாவது சேமித்து வைத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

* * *

கிட் என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழில் பெயர் வைத்த கோப்புகளை யாராவது கிட்டில் போட்டிருக்கிறீர்களா?

மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்கு ஆசையாசையாகத் தமிழிலேயே பெயர் வைத்தேன். ‘கிட் ஸ்டேட்டஸ்’ அடித்தால் பெயரே காணோம். மேற்கோள் குறிக்குள் \340\256\205 என்று ஒரே எண்மழை. டிஸ்க் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். உற்றுப் பார்த்தால் அந்த மூன்று எண்களும் சேர்ந்துதான் ‘அ’. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். கிட் அந்த பைட்டுகளை எட்டடிமான எண்களாக எழுதிக் காட்டுகிறது. ‘கோர்.கோட்பாத்’ என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினேன், பெயர்கள் தமிழில் வந்து நின்றன.

அந்த உற்சாகத்தில் விளையாடிப் பார்த்தேன். ‘தமிழ்’ என்ற சொல்லைப் பிரிண்ட்எஃப் வழியாகப் பைட்டை எண்ணும் ‘டபிள்யூசி -சி’க்கு அனுப்பினால் 15. குறிகளை எண்ணும் ‘-எம்’ என்றால் 5. நாம் எண்ணினால் மூன்று எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள் அதன் கணக்கு. சரி, ‘ரெவ்’ கொடுத்துத் திருப்புவோம் என்று பார்த்தால் இகரக் குறி ம-வை விட்டு ழ-வோடு ஒட்டிக்கொண்டு ‘ழிமத’ என்று வந்தது, முன்னால் ஒரு புள்ளி தனியாகத் தொங்கிக்கொண்டு. பெயரின் நீளத்தைச் சரிபார்க்கும் கோடு எழுதுகிறவர்கள் இதை ஒருதரம் செய்து பாருங்கள். எங்கள் படிவத்தில் ‘அதிகபட்சம் 20 எழுத்து’ என்று போட்டுவிட்டு உண்மையில் பைட்டை எண்ணிக்கொண்டிருந்தோம். ஏழாவது குறிக்கே கதவைச் சாத்திவிட்டது.

* * *

டிஸ்க் நிரம்பிவிட்டது. கோப்புகளின் அளவைக் காட்டும் டியூ போட்டுத் தேடினால் 40 ஜிபிக்கு ஒரு லாக் கோப்பு. அழித்தேன். டிஸ்க்கின் காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் பார்த்தால் இம்மியும் குறையவில்லை. டியூ கோப்பு இல்லை என்கிறது, டிஎஃப் இடம் இல்லை என்கிறது. இரண்டும் உண்மை. பெயரைத்தான் அழித்திருக்கிறேன். எழுதிக்கொண்டிருந்த புரோசஸ் கோப்பைக் கையில் பிடித்திருக்கும்வரை இயங்குதளத்தின் மையமான கெர்னல் இடத்தைத் திரும்பக் கொடுக்காது. பெயர் போன பிறகும் திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ காட்டிக்கொடுத்தது. சர்வரை ஒருதரம் நிறுத்தியதும் 40 ஜிபியும் வந்துவிட்டது.

* * *

எனக்கு நேரெதிர். 200 ஜிபி காலியாக இருக்கிறது, ‘டிவைஸில் இடமில்லை’ என்று எரர். கோப்பு மாறினால் தானாக மறுபடி பில்ட் செய்யும் வாட்ச் கருவி ஓடும்போது மட்டும் வரும். நானும் அரை நாள் படங்களையும் வீடியோக்களையும் அழித்துக்கொண்டிருந்தேன். லினக்ஸில் ஒருவர் எத்தனை கோப்புகளைக் கண்காணிக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது, பழைய கெர்னல்களில் 8192. நூலகக் கோப்புகள் குவிந்து கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் ஒன்றே அதை விழுங்கிவிடும். அந்த வரம்பு தாண்டினாலும் கெர்னல் சொல்வது அதே ‘இடமில்லை’தான். கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்-இல் எண்ணைக் கூட்டினேன், முடிந்தது. அழித்த வீடியோக்கள் வரவில்லை.

* * *

மேக்ஃபைலில் (எதை எப்படி பில்ட் செய்வது என்று மேக் கருவிக்குச் சொல்லும் கோப்பு) டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் இருந்து, ‘பிரிப்பான் இல்லை’ என்ற எரரோடு ஒரு ராத்திரி போனவர்கள் கையைத் தூக்குங்கள். மேக் கருவியை ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் பெல் ஆய்வகத்தில் எழுதியது 1976-இல். அந்த டேப் இன்றைக்கும் நம்மை விடவில்லை. ‘கேட் -ஏ’ போட்டுப் பாருங்கள், டேப் தனிக் குறியாகத் தெரியும். எனக்கு அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது, மிச்சத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

* * *

ஆரம்பித்து வைத்த ஆள்தான் மறுபடி. எக்கோ போட்டுப் பார்க்கிற வழக்கத்தை நானும் எடுத்துக்கொண்டேன், நன்றி அண்ணா.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கமிட் செய்யப் போனால், ‘இந்த ரெப்போவில் இன்னொரு கிட் ஓடிக்கொண்டிருப்பதுபோல் தெரிகிறது’ என்று மறுத்தது. நான் எங்கே ஓட்டினேன்? இரண்டு கிட் ஒரே நேரத்தில் எழுதாமல் தடுக்கும் இண்டெக்ஸ் லாக் கோப்பை அழித்துவிட்டால் போதும் என்று தேடிய இடத்தில் எல்லாம் எழுதியிருந்தது. ஆர்எம் வரை அடித்தும்விட்டேன். அப்புறம் இந்தக் கதைகளை எல்லாம் படித்த பயத்தில் கையை எடுத்து, சும்மா, நிறுத்திவைத்த வேலைகளைக் காட்டும் ‘ஜாப்ஸ்’ என்று அடித்துப் பார்த்தேன்.

ஒரே வரி. ‘ஸ்டாப்ட்’, ‘கிட் கமிட் -ஏ’.

எஃப்ஜி கொடுத்தேன். விம் எடிட்டர் திறந்தது. செவ்வாய்க்கிழமை யாரோ கூப்பிட்டார்கள் என்று பாதியில் விட்டுப்போன கமிட் மெசேஜ், கர்சர் அதே இடத்தில். ‘லாகின் பிழை சரிசெ’ என்பதோடு நிற்கிறது.

கண்ட்ரோல்-இசட்தான் அழுத்தியிருக்கிறேன். அக்காவிடம் சொல்லவில்லை.